மூளைக்குள் இருக்கும் ஆசிரியர்



நேற்றுப் படித்தது இன்று மறந்துவிட்டது என்று குறைப்படாத மாணவன் இல்லை. ஆனால் அதே மாணவன், எந்த ஒழுங்கையில் எந்த வீட்டு மாமரம் காய்த்திருக்கிறது என்பதை மறப்பதில்லை. சென்ற ஆண்டுத் திருவிழாவில் எந்தக் கடையில் வாங்கிய இனிப்பு நன்றாக இருந்தது என்பதையும் மறப்பதில்லை. பாடத்தைப் பத்து முறை படித்தான்; மாமரத்தை ஒரு முறைதான் பார்த்தான். பத்து முறை படித்தது அழிந்துபோக, ஒரு முறை பார்த்தது நிலைத்து நிற்பானேன்? அவனைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன்னர் நாம் இந்த வினாவுக்கு விடை தேடுவது நல்லது. மூளை எதனை ஏற்றுக்கொள்கிறது, எதனைத் தள்ளிவிடுகிறது, அந்தத் தீர்ப்பு எவ்வாறு எழுதப்படுகிறது என்பதைப் பற்றிக் கடந்த எழுபது ஆண்டுகளில் விஞ்ஞானிகள் பல உண்மைகளைக் கண்டறிந்துள்ளனர். அந்தக் கதையில் முக்கியமான இடம் பெறுவது டோபமைன் என்னும் சிறியதோர் இரசாயனப் பொருள். அதனைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பவை அல்ல. ஒரு கலத்தின் நுனிக்கும் அடுத்த கலத்துக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு கலத்தின் வழியே ஓடிவரும் மின்துடிப்பு இந்த இடைவெளியின் கரைக்கு வந்ததும், அங்கே ஓர் இரசாயனப் பொருள் சுரக்கின்றது. அது அக்கரைக்குச் சென்று அடுத்த கலத்தைத் தட்டி எழுப்புகிறது, அல்லது அமைதிப்படுத்துகிறது. ஓடம் ஏறி ஆறு கடக்கும் தூதனைப் போன்றது இது. இவ்வாறான தூதர்கள் பலர் உளர். அவர்களுள் ஒருவரே டோபமைன்.

டோபமைனைச் சுரக்கும் கலங்களின் தொகை வியக்கத்தக்க அளவு சிறியது. 8,600 கோடிக் கலங்களுள் சுமார் நான்கு முதல் ஆறு இலட்சம் கலங்களே இத்தொழிலைச் செய்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நடுமூளையில் ஒரு சிறு பகுதியில் கூடியிருக்கின்றன. ஆனால் அக்கலங்கள் ஒவ்வொன்றும் ஆலமரத்தைப் போலக் கிளைவிட்டுப் பரந்து, மூளையின் முற்பகுதியெங்கும் எண்ணற்ற கலங்களைத் தொட்டு நிற்கின்றன. ஊரில் ஆயிரம் வீடுகள் இருந்தாலும் பறையடித்து அறிவிப்பவர் ஒருவரே. அந்த ஒருவருடைய ஓசை எல்லா வீடுகளிலும் கேட்கிறது. டோபமைன் கலங்களின் பணியும் ஏறத்தாழ அத்தகையதே.

இப்பொருள் 1910 ஆம் ஆண்டிலேயே இலண்டனில் ஆய்வுகூடத்தில் செய்யப்பட்டது. ஆனால் அதன் பெருமையை அப்போது எவரும் உணரவில்லை. உடல் வேறொரு பொருளை ஆக்கும்போது இடைவழியில் தோன்றி மறையும் பொருள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. வீட்டுக்குப் போகும் வழியிலுள்ள படிக்கல் என்று எண்ணினார்களேயன்றி, அதுவே ஒரு வீடு என்று எண்ணவில்லை. 1957 ஆம் ஆண்டில் இந்த எண்ணம் மாறத் தொடங்கியது. மூளையில் டோபமைன் இருப்பதை இங்கிலாந்தில் மொன்டேகு என்னும் பெண் விஞ்ஞானி அவ்வாண்டில் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞரான அர்விட் கார்ல்சன் ஒரு முக்கியமான பரிசோதனையைச் செய்தார்.

அப்பரிசோதனைக்கும் நமது நாட்டு மருத்துவத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. சர்ப்பகந்தி என்னும் மூலிகையை நம்மவர் அறிவர். இந்திய உபகண்டத்தின் வைத்தியர்கள் அதன் வேரை உறக்கமின்மைக்கும் சித்தப்பிரமைக்கும் நீண்டகாலமாகக் கொடுத்து வந்தனர். அவ்வேரிலிருந்து 1952 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து நாட்டு விஞ்ஞானிகள் ரெசர்ப்பீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். கார்ல்சன் அந்த ரெசர்ப்பீனை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காதுகள் தொங்க, அசைவற்று, கல்லாய்ச் சமைந்துவிட்டன. அதன் பின்னர் மூளை டோபமைனாக மாற்றிக்கொள்ளக்கூடிய எல்-டோபா என்னும் பொருளை அவற்றுக்கு ஊசி மூலம் செலுத்தினார். சிறிது நேரத்தில் முயல்கள் காதை நிமிர்த்தி, எழுந்து நடமாடத் தொடங்கின. இடைவழிப் படிக்கல் என்று கருதப்பட்ட பொருள் உயிரினத்தை இயங்கச் செய்யும் பொருள் என்பது இதனால் தெளிவாயிற்று.

எனினும் உலகம் இதனை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 1960 ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்ந்த ஒரு கருத்தரங்கிலே துறையின் மூத்த அறிஞர்கள் இதனை ஐயத்தோடு நோக்கினர். ஆனால் அதே ஆண்டில் வியன்னா நகரில் ஹோர்னிக்கீவிச் என்னும் அறிஞர், நடுக்குவாதமாகிய பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, அவற்றில் டோபமைன் மிகவும் குன்றியிருப்பதைக் கண்டார். மறு ஆண்டில் நோயாளருக்கு எல்-டோபா கொடுக்கப்பட்டது. எழுந்து நிற்கவும் இயலாதிருந்த சிலர் எழுந்து நடந்தனர். 1967 ஆம் ஆண்டில் கோட்சியாஸ் என்பவர் அம்மருந்தை வாய் வழியாகச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுக்கும் முறையை வகுத்தார். இன்றும் அந்நோய்க்குரிய முதன்மையான மருந்து அதுவே. நமது வேலிகளில் படரும் பூனைக்காலிக் கொடியின் விதையில் எல்-டோபா இருப்பதைச் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் 1937 ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தனர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. இதனைக் கேட்டு எவரும் அவ்விதையைத் தாமாகவே உண்ணத் தலைப்படலாகாது. மருந்தின் அளவை வைத்தியரே வகுக்க வேண்டும். கார்ல்சனுக்கு 2000 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

இதுவரை கூறியது அசைவைப் பற்றியது. கல்விக்கும் ஞாபகத்துக்கும் இப்பொருள் எவ்வாறு உறவாயிற்று என்பதை இனிப் பார்ப்போம்.

1954 ஆம் ஆண்டில் கனடா நாட்டின் மொன்ட்ரியால் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியொன்றைச் செலுத்தினர். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அக்கம்பி வழியே சிறிது மின்சாரம் பாயும். மூளையின் சில இடங்களில் கம்பி இருந்தபோது எலி அந்த நெம்புகோலை ஓயாமல் அழுத்தியது. உணவோ நீரோ பரிசாகக் கிடைக்காதபோதும், மின்சாரத்தின் பொருட்டு மட்டுமே மீண்டும் மீண்டும் அழுத்தியது. அந்த இடங்களுக்கும் டோபமைன் பாதைகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டென்பது பின்னர் தெரியவந்தது. ஆகவே டோபமைன் என்பது இன்பத்தின் சாறு என்று பலர் முடிவுகட்டினர். இன்றும் செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் அவ்வாறே கூறப்படுகிறது. ஆனால் இம்முடிவு உண்மையின் ஒரு பாதியைக்கூடத் தொடவில்லை.

ஓர் உதாரணம் கூறுகிறேன். ஒரு சிறுவன் தன் பாட்டி வீட்டுக்கு முதன்முறையாகப் போகிறான். படலையைத் திறக்கிறான், அது கிரீச்சிடுகிறது. உள்ளே போனதும் பாட்டி பனங்கட்டி கொடுக்கிறாள். அவன் எதிர்பாராத இன்பம் அது. மறுமுறையும் அவ்வாறே நிகழ்கிறது. மூன்றாம் முறையும் அவ்வாறே. சில வாரங்கள் சென்றபின் அவன் மனம் எப்போது மலர்கிறது என்று பாருங்கள். பனங்கட்டி கைக்கு வரும்போதன்று. படலை கிரீச்சிடும்போதே மலர்ந்துவிடுகிறது. ஒருநாள் படலை கிரீச்சிடுகிறது, ஆனால் பாட்டி வீட்டில் இல்லை. அன்று அவன் அடையும் ஏமாற்றம், பனங்கட்டி என்பதையே அறியாத சிறுவனுக்கு உண்டாகாது.

இதே நிகழ்ச்சியை வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் அறிஞர் சுவிற்சர்லாந்திலே குரங்குகளின் மூளையில் அளந்து பார்த்தார். டோபமைன் கலங்கள் சாதாரண வேளையில் வினாடிக்குச் சில முறை மெல்லத் துடித்துக்கொண்டிருக்கும். குரங்கின் நாவில் எதிர்பாராத வேளையில் ஒரு துளி பழச்சாறு விழுந்தபோது அக்கலங்கள் படபடவென்று துடித்தன. பின்னர் சாறு வருவதற்குச் சற்று முன்னர் ஓர் அடையாளம் காட்டப்பட்டது. குரங்கு அந்த அடையாளத்தின் பொருளைக் கற்றுக்கொண்ட பின், கலங்கள் அடையாளத்தைக் கண்டவுடன் துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. சாறு முன்போலவே இனித்தது. எனினும் கலங்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. அடையாளம் காட்டிச் சாற்றைக் கொடுக்காமல் விட்டபோதோ, சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் கலங்களின் வழக்கமான துடிப்பும் அடங்கிப்போயிற்று.

இதன் பொருள் என்ன? டோபமைன் கலங்கள் இன்பத்தை அளக்கவில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அளக்கின்றன. எதிர்பார்த்ததிலும் மேலானது கிடைத்தால் துடிப்பு ஏறும். எதிர்பார்த்தபடியே கிடைத்தால் மாற்றமில்லை. குறைந்தால் துடிப்பு இறங்கும். ஷுல்ட்சும், டயான், மொன்டேகு என்னும் கணித அறிவுடைய இருவரும் சேர்ந்து 1997 ஆம் ஆண்டில் இக்கருத்தைத் தெளிவாக எடுத்துரைத்தனர். இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. கணினிக்குத் தானாகக் கற்கும் ஆற்றலைக் கொடுக்க முயன்ற சட்டன், பார்ட்டோ என்னும் அமெரிக்க அறிஞர்கள், மூளையைத் திறந்து பாராமலே, தாளில் எழுதிய கணக்கின் மூலம் இதே விதியை 1980களில் வகுத்திருந்தனர். இயந்திரத்துக்கு எழுதிய விதி குரங்கின் மூளையிலும் காணப்பட்டது. கணினித் துறையின் மிக உயர்ந்த விருதாகிய 2024 ஆம் ஆண்டுக்குரிய தூரிங் விருது அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

கலங்கள் துடிப்பதனால்தான் கற்றல் நிகழ்கிறதா, அல்லது கற்றல் நிகழும்போது அவை வெறுமனே துடிக்கின்றனவா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1960களின் இறுதியில் கமின் என்னும் உளநூலறிஞர் ஓர் உண்மையைக் கண்டார். ஓர் ஓசை வரப்போவதை முன்கூட்டியே உணர்த்தும் என்று விலங்கு ஏற்கெனவே கற்றிருந்தால், அந்த ஓசையோடு ஓர் ஒளியையும் சேர்த்துக் காட்டினாலும், ஒளியைப் பற்றி விலங்கு ஏறக்குறைய ஒன்றும் கற்பதில்லை. ஓசையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஒளி புதிதாக எதையும் சொல்லவில்லை. ஆகவே மூளை அதனைப் பதிந்துகொள்ளவில்லை. 2013 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் இதே அமைப்பில் எலிகளை வைத்து, இனிப்பு நீர் கிடைக்கும் கணத்தில் டோபமைன் கலங்களைச் செயற்கையாகத் துடிக்கச் செய்தனர். அவ்வாறு செய்தபோது, எலிகள் வழக்கமாகக் கற்காத அந்த இரண்டாவது அடையாளத்தையும் கற்றுக்கொண்டன. துடிப்பே கற்றலைத் தூண்டுகிறது என்பதற்கு இது வலிமையான சான்று.

இன்பத்தைப் பற்றிய ஐயமும் இங்கே தீர்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெரிட்ஜ் என்பவர், டோபமைனை ஏறக்குறைய முற்றாக இழந்த எலிகளின் நாவில் இனிப்பைத் தடவியபோது, அவை முன்போலவே சப்புக்கொட்டிச் சுவைத்ததைக் கண்டார். ஆனால் அதே எலிகள் அருகில் இருக்கும் உணவைத் தேடி எழுந்து செல்லவில்லை. சுவைக்கும் ஆற்றல் இருந்தது. நாடும் ஊக்கம் இல்லை. ஒன்றை விரும்பித் தேடுவதும், கிடைத்ததைச் சுவைப்பதும் வெவ்வேறு. இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இனி ஞாபகத்துக்கு வருவோம். இரு கலங்கள் ஒருசேரத் துடித்தால் அவற்றுக்கிடையேயுள்ள தொடர்பு வலுப்பெறும் என்று கனடா நாட்டு அறிஞர் டொனால்ட் ஹெப் 1949 ஆம் ஆண்டில் ஊகித்தார். 1973 ஆம் ஆண்டில் பிளிஸ், லோமோ என்னும் இருவர் அதனை மூளையில் நேரில் காட்டினர். மூளையின் உட்புறத்தே கடற்குதிரை வடிவில் ஓர் உறுப்பு உண்டு. ஹிப்போகாம்பஸ் என்பது அதன் பெயர். நிகழ்ச்சிகளையும் இடங்களையும் நினைவில் பதிப்பதற்கு அது இன்றியமையாதது. அவ்வுறுப்பிலே இவ்வாறு வலுப்பெற்ற தொடர்புகள், வேறு துணை கிடையாவிடின், சில மணி நேரத்தில் மீண்டும் தளர்ந்துவிடுகின்றன. நீடித்து நிற்க வேண்டுமாயின் கலங்கள் புதிய புரதங்களை ஆக்க வேண்டும். அவ்வாறு ஆக்கும்படி உத்தரவிடுவனவற்றுள் டோபமைன் முக்கியமானது. மணலிலே எழுதிய எழுத்துக்கும் கல்லிலே வெட்டிய எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. மணலில் எழுதியதைக் கல்லில் வெட்டுக என்று சொல்லும் குரல்களுள் ஒன்று டோபமைன்.

அக்குரல் எப்போது எழும்? புதுமையைக் காணும்போது எழும். எடின்பரோ நகரின் ஆராய்ச்சியாளர் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியைப் பார்ப்போம். சுண்டெலிகள் உணவு புதைத்து வைத்த இடத்தைக் கற்றுக்கொண்டன. சாதாரணமாக மறுநாள் அவ்விடத்தை மறந்துவிடும். ஆனால் கற்றபின் அரை மணி நேரம் கழித்துச் சில நிமிடங்கள் இதற்கு முன் மிதித்தறியாத புதுவகைத் தரையில் உலாவவிட்டபோது, மறுநாளும் உணவிருந்த இடத்தை அவை நன்கு நினைவில் வைத்திருந்தன. புதுத் தரைக்கும் புதைத்த உணவுக்கும் எவ்வித தொடர்பும் இல்லை. இருந்தும் புதுமை எழுப்பிய அலை, சற்று முன் எழுதிய எழுத்தையும் கல்லாக்கிவிட்டது. ஹிப்போகாம்பஸில் டோபமைன் வேலை செய்யாதபடி தடுத்தபோது இப்பயன் கிடைக்கவில்லை.

சுண்டெலிக்கு ஒத்தது பிள்ளைக்கு ஒக்குமா? ஆர்ஜென்டீனா நாட்டின் ஆரம்பப் பாடசாலைகளில் 2013 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதற்கு விடை தருகிறது. பிள்ளைகளுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டப்பட்டது. கதைக்கு ஒரு மணி நேரம் முன்னரோ பின்னரோ, வழக்கத்துக்கு மாறான புதியதொரு பாடம் சில வகுப்புகளுக்கு நடத்தப்பட்டது. புதிய பாடத்தைக் கண்ட பிள்ளைகள் மறுநாள் கதையைக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். புதிய பாடம் நான்கு மணி நேரம் விலகி வந்தபோது அப்பயன் இல்லை. பிள்ளைகளின் மூளைக்குள் அப்போது டோபமைனை எவரும் அளக்கவில்லை; ஆனால் விலங்குகளிடத்தே கண்ட முறையோடு இது பொருந்துகிறது. 2014 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் செய்யப்பட்ட மற்றோர் ஆராய்ச்சியில், ஒரு வினாவின் விடையை அறியும் ஆவல் மிகுந்திருந்த வேளையில், டோபமைன் கலங்கள் உள்ள நடுமூளையும் ஹிப்போகாம்பஸும் சுறுசுறுப்படைந்தன. அவ்வேளையில் இடையே காட்டிய, வினாவோடு தொடர்பில்லாத முகங்களைக்கூட மக்கள் பின்னர் நன்கு அடையாளம் கண்டனர்.

நமது முன்னோரும் இதனை அனுபவத்தால் உணர்ந்திருந்தனர் என்று கருத இடமுண்டு. நன்னூலின் பாயிரப் பகுதி, பாடங் கேட்கும் முறையைச் சொல்லுமிடத்து, கேட்டதை மீள நினைத்தலோடு நில்லாமல் வினாவுதலையும் வினாவியதற்கு விடை கூறுதலையும் மாணாக்கனுக்கு விதிக்கின்றது. வினா என்பது ஓர் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு இருந்தாலன்றோ வித்தியாசம் தோன்றும்? வித்தியாசம் தோன்றினாலன்றோ மூளைக்குள் இருக்கும் ஆசிரியர் வாய் திறப்பார்?

நினைவுகள் எல்லாம் ஒரே களஞ்சியத்தில் அடங்குவனவல்ல என்பதையும் கூற வேண்டும். 1996 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நோயாளர் இரு திறத்தாருக்கு ஒரு விளையாட்டுக் கொடுக்கப்பட்டது. சில சீட்டுகளைப் பார்த்து, மழை வருமா வெயிலடிக்குமா என்று ஊகிக்க வேண்டும். பல முறை ஆடினால், அறிந்தும் அறியாமலும் சரியான ஊகம் கைவந்துவிடும். ஞாபகத்தை இழந்த நோயாளர் ஊகிக்கக் கற்றுக்கொண்டனர். ஆனால் விளையாட்டின் விவரங்களை நினைவுகூர அவர்களால் இயலவில்லை. பார்க்கின்சன் நோயாளரோ விளையாட்டை நன்றாக நினைவுகூர்ந்தனர். ஆனால் ஊகம் கைவரவில்லை. பழக்கத்தால் படிப்படியாக வரும் கல்விக்கு டோபமைன் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கிற்று.

2004 ஆம் ஆண்டில் வெளியான வேறோர் ஆராய்ச்சி இன்னும் நுட்பமானது. பார்க்கின்சன் நோயாளர் மருந்து உட்கொள்ளாத வேளையில் தவறுகளிலிருந்து நன்கு கற்றனர்; வெற்றிகளிலிருந்து கற்பது குறைவாயிற்று. மருந்து உட்கொண்ட வேளையில் வெற்றிகளிலிருந்து நன்கு கற்றனர். தவறுகளிலிருந்து கற்பது குறைந்தது. காரணம் எளிது. மருந்து டோபமைனின் அளவை எப்போதும் உயர்த்தி வைத்திருப்பதால், ஏமாற்றத்தின்போது நிகழ வேண்டிய இறக்கம் மறைந்துவிடுகிறது. இறக்கமும் ஒரு பாடமே. அப்பாடம் கேளாமற் போகிறது.

இதனை நோயாளரின் குடும்பத்தார் அறிந்திருத்தல் மிகவும் அவசியம். இந்நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் சிலவற்றால், சிறுபான்மையான நோயாளர், அதற்கு முன் இல்லாத சூதாட்ட ஆசைக்கும் கைமீறிய செலவுக்கும் ஆளாவதுண்டு. வாழ்நாள் முழுவதும் கண்ணியமாக வாழ்ந்த ஒருவர் முதுமையில் இவ்வாறு மாறினால், குடும்பம் வெட்கி அதனை மறைக்கிறது. அவரை வெறுக்கவும் தலைப்படுகிறது. அது அவருடைய குணக்கேடு அன்று. மருந்தின் விளைவாக இருக்கலாம். வைத்தியரிடம் ஒளிக்காமல் கூறினால் மருந்தை மாற்றி அமைக்க முடியும். தாமாகவே மருந்தை நிறுத்துவது மட்டும் கூடாது, அது ஆபத்தானது. அவ்வாறே, நோயுற்ற முதியவர் எழுந்து ஒரு காரியத்தைத் தொடங்காமல் உட்கார்ந்தே இருந்தால் அதனைச் சோம்பல் என்று ஏசுவதும் தகாது. ஊக்கத்தைத் தரும் ஊற்றே அவருக்கு வற்றியிருக்கிறது.

டோபமைன் மிகுந்தால் நல்லது என்று இதுவரை கூறியதிலிருந்து எவரேனும் கருதினால் அது தவறு. ஒரு செய்தியைச் சற்று நேரம் மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டு கருமமாற்றும் திறன் மூளையின் முன்பகுதிக்கு உரியது. 1979 ஆம் ஆண்டில் கோல்ட்மன்-ராக்கிச் என்னும் அம்மையாரும் அவரது குழுவினரும் குரங்கின் மூளையில் அப்பகுதியிலிருந்து டோபமைனை நீக்கியபோது, அப்பகுதியையே வெட்டி அகற்றியதற்கு ஏறத்தாழ ஒப்பான குறை தோன்றிற்று. ஆனால் அளவு மீறினாலும் அத்திறன் குன்றுகிறது என்று பின்னர் வந்த ஆராய்ச்சிகள் காட்டின. கடுமையான அச்சத்தின்போது அங்கே டோபமைன் அளவுமீறிச் சுரக்கின்றது. பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்ததும், நன்கு தெரிந்த விடையும் மறந்துபோவதாகச் சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. உப்பு இல்லாத கறியும் வாய்க்கு ஆகாது. உப்புக் கரிக்கும் கறியும் ஆகாது.

ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இதிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன? மூன்று செய்திகளைக் கூறலாம்.

முதலாவது, விடையைச் சொல்லுமுன் வினாவை விதைக்க வேண்டும். பிள்ளை ஒன்றை ஊகிக்கட்டும். ஊகம் பிழைத்தாலும் குற்றமில்லை. பிழைத்த ஊகத்தின் பின் வரும் சரியான விடை, கேளாமல் வந்த விடையைவிட ஆழமாகப் பதியும். பிழை விட்டதற்காகப் பிள்ளையை அடிக்கும் ஆசிரியர், கற்றலுக்கு வாயிலாய் அமையும் அந்தக் கணத்தை அச்சத்தால் அடைத்துவிடுகிறார். அடிக்கு அஞ்சும் பிள்ளை ஊகிப்பதை நிறுத்திவிடுகிறது. ஊகிக்காத மூளைக்கு வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இல்லாத இடத்தில் கல்வி இல்லை.

இரண்டாவது, பரிசைப் பற்றியது. ஒவ்வொரு பரீட்சைக்கும் இன்ன பொருள் வாங்கித் தருவேன் என்று முன்கூட்டியே விலை பேசிவிட்டால், அப்பரிசு வரும்போது பிள்ளையின் மூளைக்கு அது புதிதன்று. வராவிட்டாலோ ஏமாற்றம் மட்டுமே மிஞ்சும். எதிர்பாராத வேளையில், உண்மையான முயற்சியைக் கண்டு மனமாரச் சொல்லும் ஒரு நல்ல வார்த்தை அதனிலும் பயனுடையது.

மூன்றாவது, நம் கையிலுள்ள தொலைபேசியைப் பற்றியது. எப்போது வரும் என்று தெரியாத பரிசே டோபமைன் கலங்களை நெடுநேரம் விழித்திருக்கச் செய்கிறது. சூதாட்ட இயந்திரம் இந்த உண்மையின் மேல் கட்டப்பட்டது. திரையை விரலால் தள்ளித் தள்ளிப் புதிய படம் வருமா, புதிய செய்தி வருமா என்று பார்க்கும் பழக்கமும் அதே வழியில் வளர்வது. அங்கே நாடுதல் உண்டு, சுவைத்தல் குறைவு. ஒரு மணி நேரம் பார்த்தபின் என்ன கண்டோம் என்று கேட்டால் விடை கூற இயலவில்லை. தொலைபேசி தீயது என்று நான் கூறவில்லை. கற்பதற்கென்று இயற்கை அமைத்த கருவியை, எதையும் கற்பிக்காத ஒன்றுக்கு அளவின்றிச் செலவிடுகிறோமா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்றே கூறுகிறேன். டோபமைனைக் கூட்டும் உணவு, குறைக்கும் நோன்பு என்று விளம்பரம் செய்வோரின் பேச்சுக்கும் செவிசாய்க்க வேண்டியதில்லை. டோபமைனை உண்டாலும் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுவதில்லை. அதனாலேயே நோயாளருக்கும் எல்-டோபாவாகக் கொடுக்கிறார்கள்.

டோபமைன் ஒன்றே கல்வி அனைத்துக்கும் காரணம் என்று கொள்வதும் பொருந்தாது. வேறு பல இரசாயனத் தூதர்களும், நல்ல உறக்கமும், மீண்டும் மீண்டும் நினைவுகூரும் பயிற்சியும் சேர்ந்தே அறிவை நிலைநிறுத்துகின்றன. ஆயினும் சில இலட்சம் கலங்களைக் கொண்ட இச்சிறு கூட்டம் நமக்குச் சொல்லும் செய்தி தெளிவானது. நாம் ஏற்கெனவே அறிந்ததை மூளை கடந்து செல்கிறது. எதிர்பாராததைக் கண்டால் நின்று நோக்குகிறது. பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க வேண்டியது அந்த வியப்பும், வியப்பின் பின் வினாவுவதற்கு அச்சமற்ற ஓர் இடமுமே. மாமரத்தைக் கண்டு நின்ற மாணவனிடம் குறையில்லை. பாடத்தையும் அவன் நின்று நோக்கும்படி செய்வது நமது கடமை.